மேல்வீட்டு நீரும் கீழ்வீட்டுச் சுவரும்

நம் கடற்கரையோரத்தில் முன்னெல்லாம் அவரவர் வீட்டுக்கு அவரவர் கூரை. மழை ஒழுகினால் ஒழுகிய வீட்டுக்காரன் தலையிலேதான் ஒழுகும். இக்காலத்திலோ கோவளம், முட்டுக்காடு, கேளம்பாக்கம் என்று எங்கு பார்த்தாலும் அடுக்கு மாடி வீடுகள் எழும்பி நிற்கின்றன. இவற்றில் ஒரு குடும்பம் நிற்கும் தரையே மற்றொரு குடும்பத்துக்கு மேல்தளம். மேல்வீட்டுக் குளியலறையில் சிந்தும் நீர் கீழ்வீட்டுப் படுக்கையறைச் சுவரில் இறங்குகிறது. உப்புக் காற்று வீசும் இந்தக் கரையில் கான்கிரீட்டுக்குள் ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் காரையைப் பிளந்து தள்ளும்.

இத்தகைய நஷ்டத்துக்கு யார் பொறுப்பு? "இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, கம்பெனி கொடுக்கும்" என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கம்பெனி கொடுத்துவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்ததா? கம்பெனி கொடுக்க மறுத்தால் பொறுப்பே இல்லையா? இது பணக்கேள்வி போலத் தோன்றினாலும், நீதியைப் பற்றிய கேள்வியும் மனசாட்சியைப் பற்றிய கேள்வியுமாகும். ஆகவே குடும்பத்தார் எல்லாரும் சற்று நிதானமாய் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தை மாதத்தில் கீழ்வீட்டு அம்மாள் மாடி ஏறிப் போய், "அக்கா, எங்கள் அறைச் சுவரில் ஓதம் இறங்குகிறது. உங்கள் குளியலறையைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்" என்கிறாள். "பார்க்கிறோம் அம்மா" என்று பதில் வருகிறது. பங்குனியில் மறுபடியும் சொல்கிறாள். "கொத்தனார் கிடைக்கவில்லை" என்கிறார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள் மேல்தளக் காரை பெயர்ந்து பிள்ளைகள் படிக்கும் மேஜையின்மேல் விழுகிறது. பீரோவும் துணிமணிகளும் பாழ். அப்போது அனுபவசாலி ஒருவர் இரு வீட்டாரையும் கூட்டிவைத்து, "ஏன் சண்டை? குழாய் நேற்று ராத்திரி திடீரென்று வெடித்தது என்று இருவரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுங்கள். கம்பெனி பணம் கொடுத்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை" என்கிறார். சண்டை தீர்ந்தது, அயலார் மறுபடி நண்பர்களானார்கள். இதில் குற்றம் ஏதும் உண்டா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நீர் ஒருவன் இடத்திலிருந்து தப்பி அயலான் இடத்தைக் கெடுப்பது பழமையான வழக்கு. இங்கிலாந்தில் லங்காஷயர் மாகாணத்தில் ஜான் ரைலண்ட்ஸ் என்பவர் தம் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டுவித்தார். கட்டியவர்கள் அடியிலே கிடந்த பழைய சுரங்க வழிகளைச் சரியாக அடைக்கவில்லை. 1860-ஆம் ஆண்டு டிசம்பரில் அவ்வழியாக நீர் பாய்ந்து தாமஸ் பிளெட்சர் என்பவருடைய நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸுக்கு அந்தப் பழைய வழிகள் இருந்ததே தெரியாது. ஆயினும் அவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று 1868-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. தப்பினால் தீங்கு செய்யக்கூடிய பொருளைத் தன் உபயோகத்துக்காக, இயற்கைக்கு மாறான அளவில், தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவன், அது தப்பினால் பொறுப்பாளி என்பதே அதன் சாரம்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின் நம் சென்னை ராஜதானியிலிருந்தே இதுபோன்ற வழக்கு பிரிவி கவுன்சில் வரை போயிற்று. கார்வேட்டிநகரம் ஜமீனில் பெருமழையால் ஏரிகள் உடைத்துக்கொண்டு மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாலங்களை அடித்துச் சென்றன. 1874-இல் வந்த தீர்ப்பு ஜமீன்தாருக்குச் சாதகமாயிற்று. அந்த ஏரிகள் பழமையானவை. குடிகளின் பயிருக்கும் உயிருக்கும் ஆதாரமானவை. அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை. ஆகவே அவர் கவனக்குறைவாய் இருந்தார் என்று காட்டினாலன்றி ஈடு கேட்க முடியாது என்று நீதிபதிகள் கண்டார்கள். ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுச் சீமையில் வாழும் நமக்கு இந்த நியாயம் எளிதில் விளங்கும்.

மாடி வீட்டுக்கே நேரான வழக்கு ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரக் கட்டடம் ஒன்றில் நாலாம் மாடியிலிருந்த கை கழுவும் தொட்டியை யாரோ விஷமி அடைத்து, குழாயைத் திறந்துவிட்டுப் போய்விட்டான். நீர் வழிந்து, இரண்டாம் மாடியிலிருந்த வியாபாரியின் சரக்குகள் நாசமாயின. 1913-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது: கட்டடத்துக்குள் குழாய் நீர் வைத்திருப்பது சாதாரண உபயோகம், பிறன் செய்த விஷமத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பாளி ஆகார்.

இந்த மூன்று தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வீட்டுக் குழாய் விஷயத்தில், நீர் உன் வீட்டிலிருந்து வந்தது என்பது மட்டும் போதாது. நீ செய்ய வேண்டிய கவனத்தைச் செய்தாயா என்பதே முக்கியமாய்க் கேட்கப்படும். அந்தக் கவனம் யாருக்குச் செலுத்த வேண்டியது? 1932-இல் பிரபுக்கள் சபையில் ஆட்கின் பிரபு இதற்கு விடை தேடினார். ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணி குடித்த இஞ்சிப் பானத்துப் புட்டியில் அழுகிய நத்தை இருந்ததாக எழுந்த வழக்கு அது. அயலானை நேசி என்னும் வேதக் கட்டளை சட்டத்தில் அயலானுக்குத் தீங்கு செய்யாதே என்று ஆகிறது என்றும், நம் செய்கையால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நாம் முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டியவர் எவரோ அவரே அயலார் என்றும் அவர் விளக்கினார். நல்ல சமாரித்தன் உவமைக்குக் காரணமான கேள்வியையே அவர் நீதிமன்றத்தில் எழுப்பினார் என்பது கவனிக்கத்தக்கது. அந்த அளவுகோலின்படி கீழ்வீட்டுக்காரரைவிட நெருங்கிய அயலார் நமக்கு யார் இருக்க முடியும்?

இனி இன்ஷூரன்ஸ் விஷயம். நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வீடுகளுக்கென்று பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுவான பாலிசி நடைமுறைக்கு வந்தது. தீ, புயல், வெள்ளம் இவற்றோடு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து அல்லது வழிந்து உண்டாகும் சேதத்துக்கும் அதில் காப்பு உண்டு. ஆனால் இரண்டு விஷயங்களைப் பலரும் அறிவதில்லை. ஒன்று, அது முக்கியமாய்ப் பாலிசி எடுத்தவருடைய சொந்த வீட்டுக்கும் சாமான்களுக்கும் காப்பு. மேல்வீட்டார் பாலிசி எடுத்திருப்பதால் கீழ்வீட்டாருக்குப் பணம் வரும் என்பதில்லை. பிறருக்குச் செய்த சேதத்துக்கான பொறுப்புக் காப்பைத் தனியாய்ச் சேர்த்து வாங்கியிருந்தால்தான் அது கிடைக்கும். இரண்டாவது, திடீர் விபத்துக்கே பொதுவாய்ப் பணம் கிடைக்கும். நாட்பட்ட தேய்மானத்துக்கும், மாதக்கணக்காய்க் கவனியாமல் விட்ட கசிவுக்கும் கிடைப்பது அரிது.

இதில் ஒரு நீதி அடங்கியிருக்கிறது. யாருக்கு வரும், எப்போது வரும் என்று தெரியாத ஆபத்துக்காகப் பலர் சிறுசிறு தொகை போட்டு ஒரு நிதி சேர்க்கிறார்கள். வரப்போகிறது என்று தெரிந்தே விட்ட சேதம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. மேலும், கீழ்வீட்டாருக்கு அவருடைய சொந்தக் கம்பெனி பணம் கொடுத்தாலும், குற்றம் மேல்வீட்டார்மேல் இருந்தால் அந்தப் பணத்தை அவரிடம் கேட்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. ஆகவே இன்ஷூரன்ஸ் பணம் போகும் பாதையை மாற்றுகிறதேயன்றிப் பொறுப்பை அழிப்பதில்லை.

இப்போது மனசாட்சியின் வாசலுக்கு வருவோம். சட்டக் குற்றம் வேறு, மனசாட்சிக் குற்றம் வேறு என்று நம் ஒழுக்க சாஸ்திரிகள் பிரித்துக் காட்டுவார்கள். தெரியாமலும் கவலையீனமில்லாமலும் நேர்ந்த சேதத்துக்காக ஒருவன் சர்வேசுரன் முன்பாகக் குற்றவாளி ஆகான். ஆயினும் நீதிமன்றம் நியாயமாய் ஈடு கொடுக்கச் சொன்னால் அத்தீர்ப்புக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டிருக்கிறான். மேலே சொன்ன ரைலண்ட்ஸின் நிலை இதுதான். ஆனால் அறிந்தும் விட்டுவிட்டவன் எந்த நீதிமன்றமும் சொல்லுமுன்னே, மனசாட்சியின்படியே, ஈடு செய்யக் கடமைப்பட்டவன். அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் ஈடு செய்தலை நீதி என்னும் புண்ணியத்தின் கீழ் வைத்தே விளக்குகிறார். ஆகவே மனமிருந்தால் கொடுக்கும் தர்மமாக அதை எண்ணலாகாது, அது கடன்.

பழைய ஏற்பாட்டைத் திருப்பிப் பார்த்தால் இந்த வேறுபாடு எவ்வளவு பழமையானது என்று தெரியும். யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப்பற்றிய சட்டம் இருக்கிறது. மாடு முட்டும் குணமுள்ளது என்று எஜமானுக்குத் தெரியாதிருந்தால் ஒரு நியாயம். தெரிந்தும், எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காதிருந்தால் கடுமையான வேறொரு நியாயம். அதே அதிகாரத்தில், குழி வெட்டி மூடாமல் விட்டவன் அதில் விழுந்த மாட்டுக்கு விலை கொடுக்க வேண்டும் என்றிருக்கிறது. உபாகமம் 22-ஆம் அதிகாரமோ, புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று கட்டளையிடுகிறது. யாரும் விழுவதற்கு முன்பே எழுப்ப வேண்டும் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் உதாரணத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கீழ்வீட்டு அம்மாள் தை மாதத்தில் கதவைத் தட்டுமுன் மேல்வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. தரைக்குள் ஓடும் குழாயை யார் கண்டார்? அதுவரை அவர்கள்மேல் மனசாட்சிக் குற்றம் இல்லை. கதவு தட்டப்பட்ட அந்த நிமிஷத்திலிருந்து மாடு முட்டும் என்று தெரிந்துவிட்டது. "பார்க்கிறோம் அம்மா" என்று சொல்லிப் பார்க்காமலிருந்த ஒவ்வொரு மாதமும் அவர்கள் கணக்கில் ஏறுகிறது. தை மாதத்தில் ஒரு கொத்தனார் கூலியோடு தீர்ந்திருக்கக்கூடியது ஆடி மாதத்தில் பெருஞ்செலவாகிவிட்டது. அந்த அதிகச் செலவு முழுவதும் அவர்கள் தாமதத்தின் விலை. பாலிசி இருக்கிறதா இல்லையா என்பது அந்தக் கணக்கை மாற்றாது.

அப்படியானால் அந்த அனுபவசாலி சொன்ன யோசனை? இரு வீட்டாரும் ஒத்துப் போகிறார்கள். பிள்ளைகளின் அறை செப்பனிடப்படுகிறது. பெரிய கம்பெனிக்கு இது ஒரு பொருட்டா என்று கேட்கலாம். ஆயினும் உள்ளதைச் சொல்வோம்: அது பொய், அத்தோடு களவு. கம்பெனியின் பணம் என்பது வானத்திலிருந்து விழுந்த பணமன்று. தவணை தவறாமல் பிரிமியம் கட்டும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பணம் அதில் கிடக்கிறது. அவர்களில் மீன் விற்றுக் கட்டுபவரும் உண்டு, பென்ஷனில் மிச்சம் பிடித்துக் கட்டுபவரும் உண்டு. முகம் தெரியாததால் அவர்கள் அயலார் அல்லாமற் போவார்களா? 1766-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மான்ஸ்பீல்டு பிரபு, சுமத்திராவிலுள்ள ஒரு கோட்டையைப்பற்றிய இன்ஷூரன்ஸ் வழக்கில், இவ்வகை ஒப்பந்தம் இரு தரப்பாரின் உண்மையை நம்பியே நிற்கிறது என்று தீர்த்துச் சொன்னார். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாதிருக்கும்போது, மறைப்பது ஒப்பந்தத்தையே கெடுத்துவிடும்.

இதிலே இன்னொரு கேடும் உண்டு. பொய்யினால் உண்டான சமாதானத்தில் மேல்வீட்டார் தம் கடனைச் செலுத்தவில்லை. கீழ்வீட்டார் தமக்கு நியாயமாய் வர வேண்டியதைப் பெறவில்லை. வேறு யாரோ இருவருக்காகவும் கொடுத்தார்கள். அடுத்த முறை நீர் இறங்கும்போது இருவரும் ஒருவரையொருவர் எப்படி நம்புவார்கள்? பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? காரை விழுந்த மேஜையில் உட்கார்ந்து அவர்கள் ஞானோபதேசம் படிக்கப் போகிறார்களல்லவா?

கீழ்வீட்டாருக்கும் கடமைகள் உண்டு. ஓதம் கண்டவுடன் சொல்ல வேண்டும். சேதம் பெருகட்டும், மொத்தமாய்க் கேட்கலாம் என்று காத்திருப்பது நேர்மையன்று. கொத்தனாரும் பிளம்பரும் உள்ளே வந்து பார்க்க இடம் கொடுக்க வேண்டும். ஒரு சுவர் கெட்டதற்கு நாலு அறைக்கும் வர்ணம் கேட்கக்கூடாது. ஈடு என்பது இருந்த நிலைக்குத் திருப்பிக் கொடுப்பது. அதிலே லாபம் தேடினால் பாதிக்கப்பட்டவரே அநியாயக்காரராகிவிடுவார். சமாரித்தன் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்செலவு எவ்வளவானாலும் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போனான். அந்தச் சத்திரக்காரன் உண்மையான கணக்கு வைப்பான் என்று நம்பியல்லவா அப்படிச் சொன்னான்! நம் அயலார் செலவுச் சீட்டை நம்மிடம் விட்டால், அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியுள்ளவர்களாய் இருக்க வேண்டும்.

சில வேளை குற்றம் இரு வீட்டாரிடமும் இல்லாதிருக்கும். தூண்கள், பிரதான சுவர்கள், பொதுக் குழாய்கள் எல்லாருக்கும் பொது. அவை கெட்டால் பொறுப்பும் பொது. வீடு புதிதாயிருந்தால் கட்டிக் கொடுத்தவரைக் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிவிக்கப்பட்டால், கட்டியவர் 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டால் குடியிருப்போர் சங்கம்தான் கதி. சங்கத்துக்குப் பராமரிப்புப் பணம் கொடுக்க முணுமுணுப்பவர் பலர். நம் முன்னோர் மழைக்கு முன் மண்வெட்டியோடு ஏரிக்கரைக்குப் போய்க் குடிமராமத்து செய்தார்கள். அந்த வழக்கத்துக்கு 1858-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே ஏற்பட்டது. கரை உடைந்தால் யார் வயல் முதலில் அழியும் என்று பார்த்து வேலைக்குப் போவதும் போகாமலிருப்பதும் அவர்கள் வழக்கமன்று. மொட்டை மாடித் தொட்டியும் இறங்குகுழாயும் இன்று நம்முடைய ஏரிக்கரை.

ஈடு செய்ய வசதியே இல்லாதவர் என்ன செய்வது? மேல்வீட்டில் இருப்பவர் தனித்து வாழும் விதவையாய் இருக்கலாம். வேலை இழந்தவராய் இருக்கலாம். முடியாததைச் செய்ய ஒருவரும் கடமைப்பட்டவரல்லர். ஆனால் முடியாமை கடனைத் தள்ளி வைக்குமேயன்றி ரத்து செய்யாது. மாதம் சிறிது கொடுக்கலாம். பணத்துக்குப் பதில் உழைப்பாகக் கொடுக்கலாம். குறைந்தபட்சம் குழாயை மூடி, வாளியில் நீர் சுமந்து, சேதம் மேலும் பெருகாமல் தடுக்கலாம். ரத்து செய்யும் அதிகாரம் கீழ்வீட்டாருக்கு மட்டும் உண்டு. அவர் மனமுவந்து, "போகட்டும் அக்கா, குழாயை மட்டும் சரிசெய்யுங்கள், வர்ணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வாரானால் அது பிறர் சிநேகம். அதை அவர் சொல்ல வேண்டும் என்று மேல்வீட்டார் எதிர்பார்த்திருப்பது சிநேகமன்று.

ஆகவே அந்த இரு குடும்பங்களும் செய்ய வேண்டியது தெளிவு. மேல்வீட்டார் கீழே இறங்கி வந்து சேதத்தைக் கண்ணால் பார்க்கட்டும். தை மாதமே சொன்னீர்கள், நாங்கள்தான் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளட்டும். இரு வீட்டாரும் நம்பும் ஒரு கொத்தனாரைக் கொண்டு செலவை மதிப்பிட்டு, அதைத் தாங்களே ஏற்கட்டும். பாலிசி இருந்தால் கம்பெனிக்கு நடந்ததை நடந்தபடியே, ஓதம் கண்ட மாதத்தையும் சேர்த்து, எழுதட்டும். கம்பெனி கொடுத்தால் நல்லது. மறுத்தால் அது மேல்வீட்டார் செலுத்த வேண்டிய கடன். கீழ்வீட்டார் கெட்டதற்கு மட்டும் கணக்குக் காட்டட்டும்.

ஐப்பசி மழை நம் கரைக்கு வரத் தவறுவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பின் உபரி நீர் ஒக்கியம் மடுவு வழியாய் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, நம் முட்டுக்காட்டு முகத்துவாரத்துக்குத்தான் வருகிறது. மேலே இருப்பவர்கள் விட்ட நீர் கீழே இருப்பவர்களிடம் வரும் என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மழைக்கு முன் ஒரு நாள், குடும்பத் தலைவர்கள் தங்கள் குளியலறைத் தரையையும் தொட்டியையும் குழாயையும் பார்த்துவிட்டு, ஒரு மாடி இறங்கிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "எங்கள் வீட்டு நீர் உங்கள் சுவரில் எங்காவது இறங்குகிறதா?" என்று கேட்டு வருவார்களாக. அவர்கள் வந்து நம் கதவைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.